அளவுக்கு ஒரு ஆள்

என் கையெழுத்துக்காக முதலில் மன்னிப்புக் கேட்டுக்கொள்கிறேன். ஐந்தாம் வகுப்போடு படிப்பு நின்றுவிட்டது. சம்மட்டி பிடித்துப் பழகிய விரல்கள் பேனைக்கு வளைவதில்லை. சின்ன ர எங்கே, பெரிய ற எங்கே என்பதில் இன்றைக்கும் தடுமாற்றம். பிழை கண்ட இடத்தில் திருத்தி வாசித்துக்கொள்ளுங்கள்.

எங்கள் பகுதி வாசிகசாலையில் மலர் ஒன்று போடுகிறார்கள். மறக்க முடியாத ஒருவரைப் பற்றி எழுதித் தரும்படி போன வருடமே என்னிடமும் கேட்டார்கள். மற்றவர்கள் நல்ல மனிதர்களைப் பற்றி எழுதிக் கொடுத்துவிட்டார்கள். என்னால் மறக்க முடியாதவர் நல்லவரா என்று எனக்குத் தெரியவில்லை. அதனால்தான் இவ்வளவு காலம் தள்ளிப்போட்டேன். அவருடைய பெயரை எழுத மாட்டேன். நாங்கள் மிஸ் என்றுதான் கூப்பிட்டோம்.

அவர் முதன்முதலில் என்னிடம் வந்தது ஒரு அம்மியோடு. அப்போது நான் கல்லடி ஊரில் றோட்டோரம் கொட்டில் போட்டு அத்திவாரக் கல் உடைத்துக்கொண்டும், அம்மி, ஆட்டுக்கல் கொத்திக்கொண்டும் இருந்தேன். ஓட்டோவிலிருந்து இறங்கியவர் வெள்ளைத் துணியில் சுற்றிய அம்மியை இறக்கச் சொன்னார். தேய்ந்த முகத்தைப் பொளிந்து கொடுக்கவா என்று கேட்டேன். எனக்குப் பெண்களோடு கதைக்க வெட்கம். அதனால் நிலத்தைப் பார்த்துக்கொண்டுதான் கேட்டேன்.

"பொளியத் தேவையில்ல அண்ணன். உடைக்கோணும்."

ஆருடைய அம்மி என்றேன். அம்மாவுடையது என்றார். அம்மா செத்து, எட்டுச் சடங்கு கொடுத்து முடிந்த மறுநாள் அது. அம்மியின் பள்ளத்தில் செத்தல் மிளகாய் மணம் இன்னும் இருந்தது. நான் தயங்கினேன். அவர் தன் பெருவிரலை ஓரிடத்தில் வைத்து, இதில் அடியுங்கள் என்றார். அடித்தேன். இரண்டாகப் பிளந்தது. உள்ளே நல்ல ரோசா நிறம்.

அவர் குந்தியிருந்து, விரலை நாக்கில் தொட்டு, உடைந்த முகத்தை ஈரமாக்கி, கழுத்தில் தொங்கிய சின்ன லென்ஸைக் கண்ணில் வைத்துப் பார்த்தார். பிறகு சொன்னார். "சின்ன வயசில இருந்து இதின்ட உள்ளுக்குப் பாக்க ஆசை. அம்மா விடல்ல."

கை அளவு துண்டு ஒன்றை மட்டும் எடுத்துக்கொண்டார். மிச்சத்தை யாருடைய அத்திவாரத்துக்காவது போடச் சொல்லிவிட்டுப் போனார். நான் போடவில்லை. இரண்டு பாதியும் இன்னும் என் வீட்டு வளவில் கிடக்கின்றன.

அவர் பல்கலைக்கழகத்தில் கல்லைப் பற்றிப் படிப்பிப்பவர் என்பது பிறகுதான் தெரிந்தது. எங்கள் ஊரில் பிறந்து, வெளிநாட்டில் படித்துத் திரும்பியவர். என்னிடம் பழைய ஓட்டோ ஒன்றும் இருந்தபடியால், சம்மட்டி அடிக்கவும் ஓட்டோ ஓட்டவும் ஒரே ஆள் வேண்டும் என்று என்னைப் பிடித்துக்கொண்டார். இரண்டு வருடமாக, விடுமுறை கிடைத்தபோதெல்லாம் வாகரைப் பக்கமும் படுவான்கரைப் பக்கமும் அலைந்தோம். படுவான்கரை என்றால் வாவிக்கு அந்தப் பக்கம், சூரியன் படுகிற கரை. வயலும் கல்லும் அங்கேதான்.

மிஸ்ஸுக்கு மூடிக் கிடக்கிற எதையும் பார்த்துக்கொண்டு இருக்க முடியாது. கடையில் வடை வாங்கினால்கூட முதலில் இரண்டாகப் பிய்த்து உள்ளே பார்ப்பார். அதன் பிறகுதான் தின்பார். கல்லிலும் அப்படித்தான். வெயிலும் மழையும் பட்ட வெளிப்பக்கத்தைத் தோல் என்பார். தோலைச் சீவி எறிந்துவிட்டு உள்ளே புதிய முகம் காட்டவேண்டும். உள்ளேயும் மங்கலாக இருந்தால் ஒரே சொல்தான் சொல்வார். "அழுகல்." சொல்லிவிட்டு எறிவார். எனக்கு அரை நாள் வேலையாக இருக்கும் அது.

இன்னொரு சட்டமும் இருந்தது. கீழே விழுந்து கிடக்கிற கல்லை எடுக்கக் கூடாது. அது எங்கிருந்து வந்தது, அதற்கு என்ன நடந்தது என்று யாருக்குத் தெரியும்? நிலத்தோடு நிற்கிற கல்லைத்தான் உடைக்கவேண்டும்.

கல்லைப் படம் எடுக்கும்போது பக்கத்தில் என்னை நிறுத்துவார். ஆள் நின்றால்தான் படத்தைப் பார்க்கிறவனுக்குக் கல்லின் அளவு தெரியுமாம். "அண்ணன், அளவுக்கு வாங்க. முகம் வேணாம், கிறுகி நில்லுங்க" என்பார். நான் கமெராவுக்கு முதுகைக் காட்டிக்கொண்டு கல்லைப் பார்த்து நிற்பேன். முகம் விழாத படம் என்றால் எனக்கு நிம்மதி. அந்த வேலையில் எனக்குப் பிடித்ததே அதுதான்.

எதற்காக இந்தக் கல் தேடல் என்று ஒரு முறை பாதையில் வைத்துச் சொன்னார். பாதை என்று நாங்கள் சொல்வது வாவியில் ஆளையும் வாகனத்தையும் ஏற்றி இறக்குகிற தட்டையான மிதவையை. நான் விளங்கிக்கொண்டதை எழுதுகிறேன். மரமும் மீனும் இல்லாத காலத்தில் இரண்டு பெரிய நிலங்கள் வந்து மோதினவாம். மோதிய இடத்தில் நிலம் ஒன்றின்மேல் ஒன்று ஏறித் தடித்து மலையாகியதாம். எங்கள் பக்கத்துச் சாம்பல் கல்லில் வரி வரியாக, பிழிந்த சீலையைப் போல இருக்கிறதே, அது அந்த மோதலில் நசிந்த கல். ரோசாக் கல் அப்படி அல்ல. அது வரிக் கல்லைக் குறுக்கே வெட்டிக்கொண்டு வந்து நிற்கும். அதில் வரி இருக்காது. எல்லாம் முடிந்த பிறகு வந்தபடியால் அதை நசிக்க ஒருவரும் இருக்கவில்லை.

"அப்ப மோதின சூட்டிலதான் உருகினதா மிஸ்?" என்று கேட்டேன்.

"மோதக்குள்ள உருகாது அண்ணன். அப்ப எல்லாம் இறுகிப்போய் நிக்கும். மோதி முடிஞ்சு, மேல இருந்த பாரம் சரியக்குள்ளதான் அடியில உருகத் தொடங்கும்."

உருகினாலும் அந்தக் கல் பழையதை முழுவதும் விட்டுவிடாது என்றும் சொன்னார். கடுகைவிடச் சின்ன மணிகள் சில உருகாமல் உள்ளே கிடக்குமாம். அந்த மணிக்குள் காலம் போகப் போக ஈயம் சேருமாம். எவ்வளவு ஈயம் என்று பார்த்து வயது சொல்வார்களாம். வேறு எந்தெந்தச் சரக்கு எவ்வளவு கலந்திருக்கிறது என்று பார்த்து, எந்தக் கல் உருகி இந்தக் கல் வந்தது என்றும் சொல்வார்களாம். இதைச் சொல்லும்போது மட்டும் மிஸ்ஸின் முகம் வேறு மாதிரி இருந்தது. சின்னப் பிள்ளையின் முகம்.

மனிதர்களையும் அவர் அப்படித்தான் உடைத்துப் பார்த்தார். ஒரு நாள் கல்லுப் பை தைக்கத் தடித்த துணி வாங்கக் காத்தான்குடிக்குப் போனோம். துணிக்கடை முதலாளி நல்ல மனிதர். எங்களை இருத்தித் தேத்தண்ணி தந்தார். புதிதாகப் போட்டிருந்த கறுப்புக் கல் மேசையைத் தட்டிக் காட்டி, மகன் கட்டாரில் உழைத்துப் போட்டுத் தந்தது, அசல் கிரனைட் என்றார். மிஸ் தேத்தண்ணியை வைத்துவிட்டு, குனிந்து, மேசையின் சீவாத ஓரத்தில் லென்ஸை வைத்தார்.

"முதலாளி, இது கிரனைட் இல்ல. கிரனைட்டில இரிக்கிற பளிங்கு இதில மருந்துக்கும் இல்ல. இது வேற கறுப்புக் கல்லு."

முதலாளி சிரித்தார். "பேர் என்னவா இருந்தா என்ன மிஸ், நம்மட மேசை நிக்குதுதானே."

"உங்கட மகனை ஏமாத்திப் போட்டாங்க எண்டு சொல்றன். அவருக்கு நீங்க சொல்லுவீங்களா, நான் சொல்லவா?"

அந்த மனிதர் கத்தரிக்கோலை எடுத்தார். துணியை வெட்டி மடித்துத் தந்தார். வெளியே வந்து ஓட்டோவை எடுக்கும்போது, அவர் பாவம் மிஸ் என்றேன். நான் பொய் சொன்னேனா என்று கேட்டார். இல்லை என்றேன்.

"மறுகா?" என்றார், பிறகென்ன என்கிற மாதிரி. நான் ஓட்டோவைக் கிளப்பினேன்.

அவரிடம் ஆராய்ச்சிக்கு வந்த ஒரு பிள்ளை எங்களோடு வருவாள். படுவான்கரைப் பிள்ளை. தகப்பன் இல்லை. படிப்பு முடித்து ஒரு வேலைக்குப் போனால்தான் அந்த வீடு நிமிரும். மிஸ்ஸுக்கு முன்னால் அவள் மூச்சுக்கூடச் சத்தமாக விடமாட்டாள். ஒரு முறை கொதிக்கிற வெயிலில் தோள் நிறையக் கல் சுமந்து வந்தாள். மிஸ் பையைத் தலைகீழாகக் கொட்டி, ஒவ்வொன்றாகச் செருப்பால் தட்டி, அழுகல், அழுகல் என்று சொல்லிக்கொண்டே போனார். கடைசிக் கல்லும் அழுகல். பிள்ளையின் கண் நிறைந்துவிட்டது.

"அழுறதெண்டா லென்ஸைக் கழட்டி என்னட்டத் தா. உப்புத் தண்ணி பட்டா கண்ணாடி கெடும். தந்துபோட்டு அழு."

அவள் கழுத்துக் கயிற்றைக் கழற்றி லென்ஸைக் கொடுத்தாள். ஆனால் அழவில்லை. அதன் பிறகு அவள் அழுது நான் கண்டதே இல்லை.

ரோசாக் கல் அகப்படும். நல்ல ரோசாக் கல்தான் அகப்படவில்லை. எங்கே உடைத்தாலும் உள்ளே மங்கல். ஒரு வைகாசி மாதம் அந்தப் பிள்ளையின் ஊருக்குப் போனபோது, வயல் வட்டை முடிகிற இடத்தில், வயல் வரம்புகளுக்கு அப்பால், ஆள் உயரத்துக்கு மேல் ஒரு கல் தனியாக நின்றது. அதன் பின்பக்கத்தைப் பார்த்ததும் மிஸ் நடையை நிறுத்திவிட்டார்.

முன்பக்கத்தில் வைரவர் சாமி இருந்தார். கல்லின் அடியில் ஒரு சூலம். விதைப்புக்கு முன் வயல்காரர்கள் வந்து பொங்கிப் படைத்துவிட்டுப் போவார்கள். மற்ற நாட்களில் அந்தக் கல்லைப் பார்த்துக்கொண்டவர் பிள்ளையின் தாய். வெள்ளிக்கிழமை தோறும் விளக்கு வைப்பார். கல்லின் முகத்தில் எண்ணெயும் மஞ்சளும் பூசுவார். பூசிப் பூசிக் கல் முகம் கறுத்துத் தடித்துப் போயிருந்தது. அதன் மேல் குங்குமப் பொட்டுகள். நெற்றிக்கு ஒன்று என்றில்லாமல், இடுப்பு உயரத்தில் அங்கும் இங்குமாகப் பல பொட்டுகள்.

"குழி குழியா இருந்தது தம்பி" என்று அவர் எனக்குச் சொன்னார். "இடம்பெயந்து போய்த் திரும்பி வந்து பாத்தா, பொட்டு வைக்கச் சாமியே இடம் விட்டு வச்ச மாதிரி இருந்தது. ஒவ்வொரு குழிக்கும் ஒவ்வொரு பொட்டு வச்சன்."

விளக்கு எதற்கென்றும் சொன்னார். அவருக்கு ஒரு மகன் இருந்தான். அந்தப் பிள்ளைக்கு மூத்தவன். சண்டைக் காலத்தில் ஒரு நாள் காலையில் மாடு பார்க்கப் போனான். மாடுகள் பொழுதுபட வீட்டுக்கு வந்தன. அவன் வரவில்லை. தேடிப் போவதற்குள் ஊரே எழும்பி ஓடவேண்டி வந்துவிட்டது. திரும்பி வந்தபோது வீட்டுக்குக் கூரை இல்லை, சுவரெல்லாம் துவக்குச் சூட்டு ஓட்டை. அவனுடைய படம்கூட ஒன்று மிஞ்சவில்லை. யார் கேட்டாலும் அவன் இருக்கிறான் என்றுதான் தாய் சொல்வார். "கதைக்க ஏலாத இடத்தில இரிக்கான் தம்பி. கதைக்க ஏலுமெண்டா வந்திருவான்."

ஒவ்வொரு சித்திரை வருடப் பிறப்புக்கும் அவனுக்கு ஒரு சேட்டு வாங்கி றங்குப் பெட்டிக்குள் வைத்திருந்தார். அன்றைக்கு ஒன்றை எடுத்து வந்து, போட்டுக் காட்டச் சொன்னார். மகன் என் உயரமாம். எனக்குக் கூச்சமாக இருந்தது. ஆனாலும் போட்டேன். அவர் காலரை இழுத்துவிட்டு, பின்னால் போய்த் தோளைத் தடவிப் பார்த்தார்.

"தோள் கொஞ்சம் இறுக்கம். இப்ப அவனும் உடம்பு வச்சிரிப்பான். அடுத்த முறை பெரிசா எடுக்கோணும்."

மிஸ் வாசல் படலையில் நின்று இதைப் பார்த்துக்கொண்டிருந்தார்.  போகும்போது பிள்ளையிடம், அடுத்த கிழமை அந்தக் கல்லில் உடைத்துக்கொண்டு வா, அண்ணன் வந்து அடிப்பார் என்று மட்டும் சொன்னார். தனக்கு வேறு வேலை இருப்பதாகச் சொன்னார்.

அடுத்த கிழமை நான் சம்மட்டியோடு போனேன். தாய் கல்லுக்கும் எனக்கும் நடுவில் நின்றார். என்னோடு சண்டை பிடிக்கவில்லை. மகளிடம்தான் சொன்னார். "அதில மட்டும் கை வைக்காத மகள். கொண்ணன் வந்தாப் பிறகு கல்லையும் எடு, மலையையும் எடு. அதுவரைக்கும் நான் வச்ச விளக்கு அது."

"கல்லு இல்லாமப் போனா மிஸ் என்னை விடமாட்டா அம்மா."

இரண்டு பேரும் ஒருவரை ஒருவர் பார்த்துக்கொண்டு நின்றார்கள். கடைசியில் பிள்ளை ஒரு வழி கண்டாள். கல்லின் காலடியில், சூலத்தைச் சுற்றி, ரோசாச் சிதறல்கள் நிறையக் கிடந்தன. எப்போதோ அந்தக் கல்லின் முகத்திலிருந்து தெறித்த துண்டுகள். சாமியை நோகடிக்கத் தேவையில்லை, கல்லும் அதே கல்தான். அவள் குந்தியிருந்து பொறுக்கி, பையை நிரப்பி, வாயைக் கட்டினாள். துண்டுகள் சின்னவை என்பதால் தோல் சீவவும் இல்லை. தாய் எனக்குப் பிளேன்டீ கொண்டுவந்து தந்தார். சம்மட்டியை நான் ஓட்டோவை விட்டு இறக்கவே இல்லை.

பிறகு மாதக்கணக்கில் மிஸ்ஸைக் காணவில்லை. கல்லைப் பொடியாக்கி வெளிநாட்டுக்கு அனுப்பியிருப்பதாகப் பிள்ளை சொன்னாள். புரட்டாதியில் ஒரு நாள் காலை இருவரும் என் கொட்டிலுக்கு வந்தார்கள். பிள்ளையின் முகத்தில் இரத்தம் இல்லை. பாதையில் வாவியைக் கடந்து போனோம்.

வயலெல்லாம் விதைப்புக்கு உழுது கிடந்தது. மிஸ் நேரே வைரவர் கல்லின் அடிக்குப் போய் நின்று பிள்ளையிடம் கேட்டார். "நிக்கிற கல்லில உடைச்சியா, கீழ கிடந்ததைப் பொறுக்கினியா?"

பிள்ளை தாயைப் பார்த்தாள். தாய் அப்போதுதான் தேத்தண்ணித் தட்டோடு வந்துகொண்டிருந்தார். "பொறுக்கினது மிஸ்."

மிஸ் ஏசுவார் என்று நான் நினைத்தேன். ஏசவில்லை. வகுப்பில் சொல்வது போலச் சொன்னார். இந்தக் கல்லில் இருக்கவேண்டிய ஈயம் கொஞ்சம்தான். இவள் கொண்டுவந்த துண்டுகளில் ஈயம் எங்கோ போய் நிற்கிறது. அதோடு செம்பும் இருக்கிறது. அந்திமனி என்று ஒரு சரக்கும் இருக்கிறது. கல்லுக்குள் இருந்து வந்தது அல்ல அது, வெளியிலிருந்து கல்லில் பட்டது.

தாய் தட்டை வைத்துவிட்டு முன்னுக்கு வந்தார். மகளைக் காப்பாற்ற வந்தார். "அது என்ட பிழை மிஸ். குங்குமம். குங்குமத்தில ஈயம் கலக்கிறாங்க எண்டு ரேடியோவில சொன்னவங்க. நான்தானே வெள்ளிக்கிழமை வெள்ளிக்கிழமை வைக்கிறன். புள்ளைக்கு ஏசாதீங்க."

"குங்குமத்தில அந்திமனி வராது அம்மா. இந்த மூண்டும் ஒண்டாச் சேந்து வாறது வேற ஒண்டுல."

அவர் என் ஓட்டோவிலிருந்து கம்பிப் பிரஷையும் மண்ணெண்ணெய்ப் போத்தலையும் எடுத்துவரச் சொன்னார். கல்லின் முகத்தில் ஊற்றித் தேய்க்கத் தொடங்கினார்.

"மிஸ், அது சாமி" என்றார் தாய்.

"சாமி சூலம். அதில நான் கை வைக்கல்ல. இது கல்லு."

எண்ணெய்ப் பொருக்கு கழன்று விழுந்தது. மஞ்சள் கரைந்தது. குங்குமம் சிவப்பாகக் கல்லில் வழிந்து சூலத்தடியில் தேங்கியது. பொட்டுகள் போன இடத்தில் குழிகள். மிஸ் கத்தி நுனியை ஒரு குழிக்குள் விட்டுத் திருகினார். சாம்பல் நிறத்தில் ஈயப் பொருக்கு ஒன்று வந்தது. அதை உள்ளங்கையில் வைத்து எனக்குக் காட்டினார். பிறகு தாய்க்குக் காட்டினார்.

"அது பொட்டுக் குழி" என்றார் தாய்.

"உங்கட வீட்டுச் சுவரிலயும் இப்பிடித்தானே இருந்தது அம்மா? சுவரில கண்டா என்னெண்டு தெரியுது. கல்லில கண்டா பொட்டுக் குழியா?"

 தாய்க்கு முன்னமே தெரிந்திருந்ததா, தெரிந்துதான் பூசி மூடினாரா, எனக்குத் தெரியாது. அதைக் கேட்கிற துணிச்சல் உலகத்தில் மிஸ் ஒருவருக்குத்தான் இருந்தது.

"அண்ணன், அளவுக்கு வாங்க."

நான் போய் வழக்கம்போல முதுகைக் காட்டிக் கல்லைப் பார்த்து நின்றேன். அந்த நேரத்தில் ஒருவருடைய முகத்தையும் பார்க்காமல் நிற்கக் கிடைத்ததே பெரிய உதவியாக இருந்தது. குழிகள் என் இடுப்பு உயரத்திலும் கொஞ்சம் மேலேயுமாக இருந்தன.

"இல்ல. முழங்கால்ல நில்லுங்க."

நின்றேன். இப்போது குழிகள் என் முகத்துக்கு நேரே வந்தன. ஒன்று நெற்றிக்கு நேரே. ஒன்று வாய்க்கு நேரே. ஈரமாக இருந்தன. மண்ணெண்ணெயும் மஞ்சளும் மணத்தன. எனக்குப் பின்னால் மிஸ்ஸின் குரல் கேட்டது.

"உங்கட மகன் என்ன உயரம் அம்மா?"

 பிறகு தாய் சொன்னார். "தம்பியின்ட உயரம்."

"ஆரெண்டு கல்லுச் சொல்லாது. உங்கட மகனா இல்லாமலும் இரிக்கலாம். சுட்டது நிண்ட ஆளை இல்ல எண்டு மட்டும் சொல்லும்." பிறகு பிள்ளையிடம், "படம் எடு" என்றார்.

கமெரா அவளுடைய கழுத்தில் இருந்தது. உடனே எடுக்கவில்லை. எனக்கு முழங்கால் நோகத் தொடங்கியது. கடைசியில் கமெராவின் சத்தம் கேட்டது. நான் எழும்ப நினைத்தேன். கால் வரவில்லை. யாரோ என் புயத்தைப் பிடித்தார்கள். தாயின் கை. அவ்வளவு காலமும் என்னைத் தம்பி என்று கூப்பிட்டவர், மகனைக் கூப்பிடுவது போல என் காதுக்குப் பக்கத்தில் குனிந்து சொன்னார்.

"எழும்பு. எழும்பு மனே."

எழுப்பி நிறுத்தி, என் முழங்காலில் இருந்த மண்ணைத் தட்டிவிட்டார். அழவில்லை. வாய்க்குள் ஏதோ சொல்லிக்கொண்டு தட்டினார். மண் போன பிறகும் தட்டிக்கொண்டே இருந்தார்.

மிஸ் கையைத் துடைத்துக்கொண்டு பின்பக்கம் போய்விட்டார். அங்கிருந்து கூப்பிட்டார். "அண்ணன், சம்மட்டியக் கொண்டு வாங்க. வந்த வேலையை முடிப்பம்."

நான் அசையவில்லை. தாய்தான் சொன்னார். "போங்க தம்பி. உடைங்க. இனி என்னத்துக்கு விட்டு வைக்கிற?"

அவர் திரும்பவும் தம்பி என்று சொன்னது எனக்கு ஞாபகம் இருக்கிறது.

உடைத்தேன். கல் சுத்தமாகப் பிளந்தது. ரோசா நிறம், ஒரு வரி இல்லை. மிஸ் விரலை நாக்கில் தொட்டு முகத்தை ஈரமாக்கி, லென்ஸ் வைத்து நீண்ட நேரம் பார்த்தார்.

"நல்ல கல்லு" என்றார். இரண்டு வருடத்தில் அந்தச் சொல்லை அவர் வாயிலிருந்து நான் கேட்டது அந்த ஒரு தடவைதான்.

பிள்ளை தாயோடு நின்றுவிட்டாள். திரும்பும்போது பாதைத் துறையில் மிஸ் வடை வாங்கினார். எனக்கும் ஒன்று தந்தார். எனக்குத் தின்ன மனம் வரவில்லை. முதல் தடவையாக அவரை எதிர்த்து ஒரு கேள்வி கேட்டேன். "சொல்லாம விட்டிருக்கலாமே மிஸ்?"

அவர் வடையை இரண்டாகப் பிய்த்து உள்ளே பார்த்தார். "நான் சொல்லாட்டி, அந்த மனிசி இன்னும் எத்தனை சேட்டு வாங்குவா அண்ணன்?"

 அவர் வடையைத் தின்றார். பாதை வந்தது, ஏறினோம்.

பிள்ளை படிப்பை முடித்துவிட்டாள். இப்போது ஒரு பள்ளிக்கூடத்தில் படிப்பிக்கிறாள். பிள்ளைகளிடம் பொறுமையாக இருக்கிறாளாம். மிஸ் வெளிநாட்டில் என்கிறார்கள். அங்கே யாருடைய எதை உடைத்துக்கொண்டிருக்கிறாரோ தெரியாது. என்னோடு கடைசியாகக் கதைத்தபோதும், என் கொட்டிலில் கிடந்த ஒரு கல்லைக் காலால் புரட்டி, அழுகல் என்று சொல்லிவிட்டுத்தான் போனார்.

ஆனால் போவதற்கு முன் அவர் ஒன்று செய்தார். அன்றைக்கு எடுத்த படத்தைப் பெரிதாக்கி, சட்டம் போட்டு, பிள்ளையிடம் கொடுத்துத் தாய்க்கு அனுப்பினார். ஏன் அனுப்பினார் என்று யாருக்கும் சொல்லவில்லை. அடுத்த வருடம் புரட்டாதியில் தாய் எனக்கு ஆள் விட்டுக் கூப்பிட்டார். போனபோதுதான் பார்த்தேன். படம் சுவரில் இருக்கிறது. அதற்கு மாலை போட்டிருக்கிறார். வெள்ளிக்கிழமை விளக்கு இப்போது அந்தக் கல்லின் அடியில் இல்லை, அந்தப் படத்துக்கு முன்னால். மகன் செத்த திகதி தெரியாததால் நான் முழங்காலில் நின்ற திகதியைத் திவசமாக வைத்துக்கொண்டார். அவருக்கு மகனின் படம் வேறு இல்லை. படத்தில் ஒரு கல் இருக்கிறது. அதன் முன்னால் முகம் தெரியாமல் ஒருவன் முழங்காலில் நிற்கிறான். அந்த முதுகு என்னுடையது.

வருடா வருடம் அந்தப் படத்துக்குப் படைத்த சோற்றை எனக்கு முன்னால் போடுகிறார். நான் என் முதுகைப் பார்த்துக்கொண்டு சாப்பிடுகிறேன். வரும்போது றங்குப் பெட்டியிலிருந்து ஒரு சேட்டு எடுத்துத் தருகிறார். படத்தை மிஸ் இரக்கப்பட்டு அனுப்பினாரா, வேறு எதற்காகவா என்று ஒவ்வொரு முறையும் யோசிக்கிறேன். மிஸ் என்றால் உடைத்துப் பார்த்துச் சொல்லியிருப்பார். எனக்கு அது வராது.

இன்றைக்கும் திவசம். இந்த முறை போவதில்லை என்று நினைத்துத்தான் காலையில் இதை எழுத உட்கார்ந்தேன். எழுதி முடிவதற்குள் பாதைக்கு நேரமாகிவிட்டது. அந்தத் தாய் தந்த சேட்டுகளில் ஒன்றைத்தான் போட்டிருக்கிறேன். தோள் கொஞ்சம் இறுக்கம்.

2024 செப்டெம்பர் 28, சனிக்கிழமை.